ஆஸ்திரேலியாவில் எனக்கொரு மாப்பிள்ளை

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. அந்த ஐந்தில் ஒன்றுகூட என்னை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுப்பி வாசலுக்கு அனுப்பியதில்லை. அனுப்பியவர் ஒரே ஒருவர். ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் இருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. என் வாய் மேல்தான்.

ஷார்ஜாவில், முவைலாவில், மகள் மல்லிகா வீட்டில் இருக்கிறேன். (மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும். சமைக்கிறவளும் நானே.) மல்லிகாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஹெலன் என்று ஓர் ஆஸ்திரேலியாக்காரி, இங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அவள் நாட்டுப் பாலைவனத்துப் பூர்வகுடி மக்களின் மொழி ஒன்றைப் பேச இப்போது விரல்விட்டு எண்ணும் ஆட்களே மிச்சமாம். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து அவள் அகராதி போடுகிறாள். அந்தப் பதிவை வாக்கியம் வாக்கியமாக வெட்டிக் கம்ப்யூட்டரில் அடுக்குவது மல்லிகாவின் வேலை. பேச்சை வெட்டுவதற்கெல்லாம் ஒரு சம்பளமா என்று கேட்டேன்.

"ஒன் பேச்ச வெட்ட ஆரம்பிச்சா எனக்கு லீவே கெடைக்காதும்மா" என்றாள்.

ஹெலன் குடியிருந்த கட்டடத்தில் இடித்துக் கட்டுகிற சத்தம். அதனால் வியாழக்கிழமை தோறும் காலையில் எங்கள் வீட்டு ஹாலுக்கு லேப்டாப்போடு வந்துவிடுவாள். (அமைதியான இடம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.) அந்தப் பக்கம் ஒரு பெரியவர். சிறுநீரக வைத்தியத்துக்கு டவுனுக்கு வருகிற நாளில், ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, தம்பி மகள் பிடித்திருக்கும் போனைப் பார்த்துப் பேசுவார். அவருடைய அப்பா நடந்த வழியில் இருக்கிற சுனைகளின் பெயர்களை ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர் இன்றைக்கு அவர் ஒருவர்தான். ஹெலன் பல மாதம் கேட்ட பிறகுதான், சொல்கிறேன் என்று சம்மதித்திருந்தார். அவர் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பெயர்கள் அவரோடு போய்விடும். இதை மல்லிகா எனக்கு மூன்று தடவை சொன்னாள்.

சொல்லியும் நான் என்ன செய்தேன்? முதல் வாரம் டீ கொடுக்கப் போய் நின்றேன். இரண்டாம் வாரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் வாரம் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் உடும்பு பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறார் என்று மல்லிகா சொன்னால், வால் பக்கம்தான் ருசி என்று நான் சொல்வேன். அவர் ஒரு கிழங்கைக் காட்டினால் அதற்கு நான் பக்குவம் சொல்வேன். அந்த மொழி அரிசி என்றால் என் தமிழ் அதில் கல். வாரம் முழுக்க மல்லிகா கல் பொறுக்கினாள்.

அந்த ஊரில் உறவில்லாமல் ஆளே கிடையாதாம். வெளியாள் வந்தால் முதலில் என்ன முறை என்று தீர்த்துக்கொண்டுதான் மற்றப் பேச்சு. அப்படித்தான் ஹெலனை அந்தப் பெரியவரின் மனைவிக்குத் தங்கை என்று சேர்த்திருக்கிறார்கள். "அப்ப அவரு ஒனக்கு அத்தான்" என்றேன். இந்த முறையெல்லாம் விளங்க அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்றாம். (படிப்பு வேறு, விவரம் வேறு.) அந்தப் பெருமைதான் தலைக்கு ஏறிவிட்டது.

நான்காம் வியாழக்கிழமை. பெரியவர் இரண்டு சுனைகளின் பெயரைச் சொல்லி முடித்து, மூன்றாவதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கிற அம்மா யார் என்று ஹெலனிடம் கேட்டார். அவள் வாய் திறக்கும்வரை நான் பொறுத்திருக்கலாம். அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "ஹெலன் எம் மக. நான் அவளுக்கு அம்மா. இங்கிலீஷ்ல சொல்லு மல்லிகா" என்றேன். மல்லிகா சொன்னாள். ஹெலன் தடுக்கக் கையை நீட்டினாள். நீட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

பெரியவர் பேச்சை நிறுத்தினார். தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டார். முதுகைக் காட்டி எழுந்து நடந்தார். போனில் மரமும் வானமும்தான் மிச்சம். பிறகு தம்பி மகள் முகம் வந்தது. சிரிப்பில் அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வரவில்லை. அவள் சொன்னதை மல்லிகா எனக்குச் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவரு பொண்டாட்டிக்கு ஹெலன் தங்கச்சி. ஹெலனுக்கு நீ அம்மான்னா அவருக்கு நீ மாமியா. அங்க மாமியா மொகத்த மாப்பிள்ள பாக்கக் கூடாது, அவ காதுபடப் பேசக் கூடாது. அதாம்மா மரியாத."

என் அம்மாவும் மாப்பிள்ளை வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினாள். அது விவரம் கெட்ட காலம் என்று நான்தான் கதவை விட்டு முன்னால் வந்தேன். எவ்வளவு முன்னால் என்றால், மாப்பிள்ளை சாப்பிடும் தட்டுக்கு எதிரே நின்று அவர் முடிவெட்டைக் குறை சொல்லும் அளவுக்கு.

ஹெலனின் கண் கலங்கிவிட்டது. தெரியாமல் சொல்லிவிட்டேன், நான் அவளுக்கு அம்மா இல்லை என்று சொல்லச் சொன்னேன். உறவென்ன சட்டையா, கழற்றிப் போட என்று அந்தப் பெண் கேட்டாளாம். நான்கு நாள் கழித்துப் பெரியவரிடமிருந்து பதில் வந்தது. பேசுவார். ஆனால் மாமியார் அந்த நேரம் வீட்டுக்குள் இருக்கக் கூடாது.

அப்புறம் பத்து வியாழக்கிழமை, ஆடி ஆவணி வெயிலில், கீழே மலையாளி பக்காலாவில் (மளிகைக்கடைக்கு இங்கே அதுதான் பெயர்) மோர் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் நான். மேலே ஹெலன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படி, பால்கனி, பாத்ரூம் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாளாம். அந்தப் பெண் பார்த்துவிட்டு, மாமியார் இல்லை என்று சொன்ன பிறகுதான் அவர் திரும்பி உட்காருவாராம். சுனைகள் அத்தனையும் பதிவாயின. ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

என் மாப்பிள்ளை டூட்டி முடிந்து வந்து இதைக் கேட்டுவிட்டு, கல்யாணத்தன்று சிரிக்காத சிரிப்பெல்லாம் சிரித்தார். அன்றிலிருந்து நான் ஒரு புத்தி சொல்ல வாயெடுத்தால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். "மொகத்தப் பாக்கக் கூடாது அத்த. மரியாத." அதோடு விட்டாரா? "அந்தப் பெரியவரு மூணு வாரமாத் தப்பிக்க வழி தேடியிருக்காரு. நீங்களே கதவத் தொறந்து விட்டுட்டீங்க" என்றார். சுருக்கென்றது. ஸ்டூலில் உட்கார்ந்து எனக்கும் அந்தச் சந்தேகம் வந்திருந்தது.

குளிர்காலத்தில் ஹெலன் லீவில் ஊருக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்த மறுநாள் பையோடு எங்கள் வாசலில் நின்றாள். பையில் இரண்டு கிலோ ஆட்டுக்கறி. மாமியாருக்கு இறைச்சி கொடுப்பது மாப்பிள்ளையின் கடமையாம். கையில் கொடுக்கக் கூடாது, வேறொருவர் மூலம்தான். அங்கிருந்து கொண்டுவர முடியாது, போன இடத்தில் நல்லதாகப் பார்த்து வாங்கிக் கொடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். முதலில் கேட்டதே, அந்த அம்மா என்ன கறி சாப்பிடுவாள் என்பதுதானாம்.

தப்பிக்கச் சாக்குச் சொன்ன மனிதர் கறி கொடுத்து அனுப்புவாரா?

குழம்பு வைத்தேன். என் மாப்பிள்ளை எலும்பை உறிஞ்சி, இன்னொரு கரண்டி கேட்டார். போட்டேன். பதினெட்டு வருஷத்தில் எனக்கென்று அவர் ஒரு கால் கிலோ வாங்கியதில்லை. அதை நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இப்போதும் கறிக்குழம்பு கொதித்தால் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "எந்த மாப்பிள்ள வாங்குனது?"

பேத்தி நிலா, கண்ணு, நான் சொல்லச் சொல்ல எழுதியது போதும். சொன்னது அம்மாச்சி, அப்பத்தா இல்லை, என்று மேலே போட்டுவிட்டு, முதலிலிருந்து ஒரு தடவை வாசி. சத்தமாக வாசி. உன் அப்பா ஹாலில்தான் இருக்கிறார். மாப்பிள்ளையிடம் நேரே சொல்லத்தான் மாமியாருக்கு அனுமதி இல்லை.