வெட்டுக்கிளி சாருக்குப் பேரன் பிறந்த கதை

வெட்டுக்கிளிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்து, பேரப்பிள்ளைக்காக ஏங்கிக் கிடந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். ஆம்பூரில் அவரும் நானும் ஒரே அறையில் குடியிருந்தோம்.

எழுபதுகளின் கடைசி அது. நான் தோல் கம்பெனியில் டைப்பிஸ்ட். அவர் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர்; ஊருக்கெல்லாம் ‘வெட்டுக்கிளி சார்’. அவருடைய டிபன் கேரியரில் மேல் அடுக்கில் சாம்பார், கீழ் அடுக்கில் வெட்டுக்கிளி. அடுக்கு மாறித் திறந்த அன்று நான் பட்டினி.

மலையடிவாரத்தில் ஒரு வெட்டுக்கிளி இனம், பாலாற்றுப் பக்கம் இன்னோர் இனம். நடுவில் ஒரு புல்வெளியில் இரண்டும் சந்தித்து ஜோடி சேரும்.

“அப்போ கொஞ்ச நாள்ல ரெண்டும் ஒண்ணாய்டும்ல சார்?” என்று கேட்டார் பக்கத்து அறை கரீம் பாய்.

“ஆவாது பாய். கலப்புல பொறக்கற ஆணுக்கு வாரிசே கெடையாது. ரெண்டு பக்கத்து ஜீனும் உள்ள ஒத்துப்போவல. அதான் வேலி. அது கெட்டிப்பட்டா ரெண்டும் தனித்தனி இனமாவே பிரிஞ்சிடும்.”

“பேஜார் புடிச்ச குடும்பம் சார்!”

“பொண்ணுக்கு மட்டும் ஒரு வழி இருக்கலாம். அது முட்ட போட்டு குஞ்சு பொரிஞ்சா, வேலியில ஓட்ட இருக்குன்னு அர்த்தம்.”

அந்த ஓட்டைக்குத்தான் ஏக்கம். அறையிலேயே பெட்டியில் இரண்டு இனத்தையும் ஜோடி சேர்ப்பார். பிள்ளைகள் பிறக்கும். அந்தப் பெண்பிள்ளைகளை அசல் இனத்து ஆணோடு சேர்ப்பார். அவை போடும் முட்டைகளோ பொரியாமலே கெட்டுப்போகும். சார் முகம்கூடக் கழுவாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

அந்தச் சமயத்தில் வேலூரிலிருந்து அவரைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்தார்கள். நர்ஸ் வேலை பார்த்த அந்தப் பெண்ணும் கூடவே வந்திருந்தார். பெண்ணின் அப்பா காபியை வாயருகே கொண்டுபோனபோது, பெட்டியிலிருந்து ஒன்று தாவி அவர் வேட்டியில் உட்கார்ந்தது. அவர் உதறிக்கொண்டு எழுந்தார்.

“ஐயோ, மிதிச்சிடாதீங்க! நெறமாசம்!” என்று சார் அவர் காலைக் கட்டிக்கொண்டார்.

சம்பந்தம் அங்கேயே முறிந்தது. எல்லோரும் போன பிறகு சார் மெதுவாக, “அந்தப் பொண்ணு சிரிச்சிச்சி, பாத்தியா?” என்றார். மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த மாதமும் கேட்டார்.

மிதிபடாமல் தப்பித்த அந்தக் கலப்புத் தாயின் முட்டைகள்தான் கடைசியில் பொரிந்தன. அன்று காலையில் சார் கைலியோடு தெருவில் ஓடினார்: “பேரன் பொறந்துட்டான்!”

விஷயம் புரியாத எதிர்வீட்டம்மா, “தாயும் புள்ளயும் நல்லா இருக்காங்களா?” என்று விசாரித்தார். கரீம் பாய் தெருவுக்கே பிரியாணி வாங்கிவந்தார். சார் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பெட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வருஷம் நைஜீரியாவில் வாத்தியார் வேலை கிடைத்துப் போனார். பிறகு தகவலே இல்லை. அவர் கட்டில் காலியாகக் கிடந்தது. இடம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், “ஆளு இருக்காரு, ஊருக்குப் போயிருக்காரு” என்றே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.