கமலவேணிக்கு ஆயுசு கெட்டி

"படுபாவி, கொன்னுட்டானே," என்றார் சுலைமான் ராவுத்தர்.

குடைக்கம்பி மாற்ற வந்தவர் குடையைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாங்கினார். "யாரைண்ணே?"

"கமலவேணியை."

கமலவேணி ஒரு நாவலில் வருகிற பெண். மதுரைக் கீழவாசலில் குடைக்கடை வைத்திருந்த ராவுத்தருக்கு நாவல், காதல் எதுவும் ஆகாது. அந்தப் புத்தகத்தை அவர் தொட்டது மனைவி சாதிகாவுக்காக. அவளுக்கு ஏழாம் மாதம். முன்னே இரண்டு தரம் பிள்ளை தங்கவில்லை. "மனசுல கலக்கம் வரப்படாது ராவுத்தரே. அது முகம் வாடாமப் பாத்துக்கங்க," என்று மருத்துவச்சி செல்லத்தாய் எச்சரித்திருந்தாள்.

பக்கத்து வீட்டு சைனப்பிடம் புத்தகத்தை வாங்கி வைத்தது சாதிகாதான். "பொழுது போகமாட்டேங்குது மச்சான். படிச்சுக் காட்டுங்க," என்றாள். அரபு எழுத்தில் அச்சடித்த தமிழை அவள் கடகடவென்று படிப்பாள். தமிழ் எழுத்தை அவள் படித்து ராவுத்தர் பார்த்ததில்லை.

அந்தி மஃரிபுத் தொழுகை முடிந்ததும் தினம் படிப்பு நடந்தது. காதலன் வாய் திறந்தால் ராவுத்தருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கப் பேச்சை, "அவன் சுகம் விசாரித்தான்," என்று முடித்துவிடுவார்.

"அம்புட்டுத்தானா சொன்னான்?"

"அம்புட்டுத்தான். வேலைவெட்டி இல்லாத பய."

அந்த வேலைவெட்டி இல்லாத பயல் அடுத்து என்ன செய்வான் என்று தெரியாமல் அவருக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது. பகலிலேயே முன்கூட்டிப் படித்துவிடுவார். எழுதியவனைத் திட்டிக்கொண்டே படிப்பார். அப்படித்தான் அன்றைக்குத் தெரிந்தது, கமலவேணி பிரசவத்தில் செத்துப்போகிறாள் என்று. ராவுத்தர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாலையில் அந்த அத்தியாயத்தைத்தான் படித்தாக வேண்டும்.

கண் புத்தகத்தில் இருந்தது. வாய் வேறு படித்தது.

"அப்போது ஒரு டாக்டரம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தாயும் பிள்ளையும் சுகம்."

சாதிகா அவர் முகத்தையே பார்த்தாள். "அப்பறம்?" என்றாள்.

அங்கேதான் பிடித்தது சனியன். மிச்சப் புத்தகம் முழுக்கக் காதலன் செத்தவளை நினைத்துப் புலம்பிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறான். பெண்டாட்டி கல்லுப்போல இருக்கும்போது அவன் எதற்குப் புலம்புவான்? ராவுத்தர் அவனுக்கு ஒரு குடைக்கடை வைத்துக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். வியாபாரம் நடக்க வேண்டுமே என்று கதையில் மழையைப் பெய்ய வைத்தார். மழை விட்ட பாடில்லை.

"மதுரையிலயா மச்சான் இம்புட்டு மழை?"

"கதைதானே."

"பிள்ளைக்கு நேத்து வேற பேரு சொன்னீகளே."

"அது வீட்டுப் பேரு."

ஒருநாள் சைனப் வாசலில் வந்து நின்றாள். "புஸ்தகம் முடிஞ்சுச்சாண்ணே? அந்தப் பொண்ணு சாகுற இடத்துல நான் சோறே திங்கலை. சாதிகா அழுதாளா?"

"தூங்குறா," என்று ராவுத்தர் கதவைச் சாத்தினார். மறுநாளும் வந்தாள். மறுபடி சாத்தினார். சைனப் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்தினாள்.

"சைனப் அக்காவை ஏன் காணோம்?" என்று சாதிகா கேட்டாள்.

"அவுக வீட்டுல அம்மை போட்டிருக்கு," என்றார், வாயில் வந்ததை.

சாதிகா தண்ணீர்க்காரியிடம் சொன்னாள். தண்ணீர்க்காரி ஊருக்கே சொன்னாள். தெருவுக்குள் ஆள் நடமாட்டம் குறைந்தது. சைனப்பின் புருஷன் வந்து, "யாருய்யா கிளப்பிவிட்டது?" என்று கேட்டபோது, ராவுத்தரும் அவரோடு சேர்ந்து அந்த யாரோவைத் திட்டினார்.

மாதம் நிறைந்து ஒரு மத்தியானம் சாதிகாவுக்கு வலி எடுத்தது. ராவுத்தர் செருப்புக்கூடப் போடாமல் செல்லத்தாய் வீட்டுக்கு ஓடினார். அவள் வாசற்படி தாண்டவில்லை.

"அம்மை இருக்கிற தெருவுக்கு நான் எப்படி வாரது ராவுத்தரே? அங்க வந்துட்டு இன்னொரு பிள்ளைத்தாச்சியத் தொட முடியுமா?"

"அம்மை இல்ல தாயி. நான் சொன்ன பொய்யி," என்றார் ராவுத்தர். மூச்சு வாங்க வாங்க நாவல், கமலவேணி, டாக்டரம்மா, குடைக்கடை எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

செல்லத்தாய் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மூடிய கதவுக்கு வெளியே ராவுத்தர் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினார். உள்ளே சாதிகா அலறும்போதெல்லாம் ஓதின இடம் மறந்து முதலிலிருந்து தொடங்கினார். சாக வேண்டியவளைப் பிழைக்க வைத்த பொய்க்குக் கணக்கு இங்கே தீர்ந்துவிடுமோ என்று பயந்தார். "யா அல்லா, கதையை வேணா அவன் எழுதினபடியே வச்சுக்க. இவளை எனக்குக் குடு," என்று கெஞ்சினார்.

சாயங்கால அஸர் பாங்கு கேட்கிற நேரத்தில் பிள்ளை அழுதது. செல்லத்தாய் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"பொட்டப்பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்."

ராவுத்தருக்குக் கண்ணீர் தாடியில் இறங்கியது.

"தாயி, அந்தக் கதையில கமலவேணி செத்தது சாதிகாவுக்குத் தெரியவேணாம். உன் வாயில வந்துறப்படாது."

செல்லத்தாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பசுமலை டீச்சரம்மா வீடு தேடி வந்து தமிழ் எழுத்துச் சொல்லிக்குடுத்த பிள்ளை சாதிகா, புஸ்தகம் வந்த அன்னைக்கே முழுசையும் படிச்சுப்பிட்டு, என் கையைப் பிடிச்சு அழுதுக்கிட்டு, 'இதை எங்க மச்சான் கையில குடுக்கப்போறேன், அவுக இவளைச் சாகவிடுறாகளான்னு பாக்கணும்'னு சொல்லுச்சு."