உமது சத்தப்பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன்

வட்டுக்கோட்டை கிழக்கு,
17.03.2024

அன்பின் மச்சான் பார்த்தீபனுக்கு,

இங்கு நானும் உமது அக்கா பத்மாசினியும், எனது வலது முழங்கால் நீங்கலாக, நல்ல சுகம். லண்டன் குளிரில் நீரும் பிள்ளைகளும் முழங்கால் உட்படச் சுகமாக இருக்க வேண்டுமென்று பிள்ளையாரை மன்றாடி இதை எழுதுகிறேன். தொலைபேசி இருக்கக் கடதாசி எதற்கு என்று யோசிப்பீர். தொலைபேசியில் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் நீர் சத்தப்பெட்டிகள் பற்றி ஏழு வீடியோ அனுப்பிவிடுவீர். கடதாசியில் உம்மால் குறுக்கே கதைக்க முடியாது. ஆகையால் ஆறுதலாக வாசியும்.

விஷயம் இதுதான். தைப்பொங்கலுக்கு நீர் அனுப்பிய டிஏசிப் பெட்டியை, அதுதான் சீடியிலுள்ள இலக்கத்தைச் சத்தமாக்கும் அந்தப் பெட்டியை, உமது மனைவியின் தங்கை தாரிகாவின் கையில் திருப்பி அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை அவள் விமானம் ஏறுகிறாள். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. எனக்கு உம்மீது கோபமும் இல்லை. ஆனால் இரண்டு மாதமாக இந்த வீட்டில் நடந்ததை நீர் அறிய வேண்டும்.

என்னுடைய அம்பிளிபயரும் சீடி பிளேயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் பத்தொன்பது வருடமாக ஒரே இடத்தில், முன் அறை அலுமாரிக்குப் பக்கத்தில் இருப்பது உமக்குத் தெரியும். பின்னேரம் நாலரைக்குத் தேத்தண்ணீர், பிறகு ஒரு சீடி. பத்மாசினி தன் கதிரையில் இருந்து முருங்கையிலை உருவியபடி கேட்பாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவள், ஆனாலும் பாட்டு நடக்கும்போது வாய் திறக்கமாட்டாள். இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சீவியத்தில், மார்கழியில் ஒருநாள் நீர் தொலைபேசி எடுத்தீர். பின்னால் வீணை ஒலிப்பதைக் கேட்டுவிட்டு, "அத்தான், உங்கடை பிளேயருக்குள்ளை இருக்கிறது பழைய சிப். சீடியிலை இருக்கிறது வெறும் இலக்கம்தான். அதைத் திருப்பிச் சத்தமாக்கிறது சரியில்லாட்டி நீங்கள் கேட்கிறது வீணையே இல்லை" என்று சொன்னீர். உமக்கு அது ஒரு கதை. நானோ முப்பத்துநாலு வருடம் நில அளவையாளனாக இருந்தவன். நான் ஓர் அங்குலம் பிழைவிட்டால் இரண்டு குடும்பம் வழக்கென்று கோட்டுக்குப் போகும். இத்தனை வருடமாகப் பிழையான வீணையைக் கேட்டிருக்கிறேன் என்று தெரிந்த பிறகு நான் எப்படி நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடிப்பது?

பெட்டி வந்தது. நீர் எழுதி அனுப்பியபடி வயர்களைப் பூட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. காலை எட்டு மணி தொடக்கம் மத்தியானச் சோறு ஆறும்வரை கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் பக்கத்து வீட்டுத் துஷாந்தினியைக் கூப்பிட்டேன். பல்கலைக்கழகப் பௌதிக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற பிள்ளை. அவள் வந்து ஒரு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இது வெளிச்சம் போற வயர். நுனியிலை இருக்கிற மூடியைக் கழட்டாமல் குத்தியிருக்கிறியள்" என்றாள். மூடியைக் கழற்றினாள். வீணை வந்தது. கூடவே கிணற்று மோட்டரின் இரைச்சலும் வந்தது. மோட்டர் ஓடும் நேரமெல்லாம் ஸ்பீக்கருக்குள் வண்டு இருப்பது போல ஒரு சத்தம். ஆகவே பாட்டு நேரத்தில் மோட்டர் போடக்கூடாது என்று சட்டம் போட்டேன். பாட்டு நேரம் ஒரு மணித்தியாலமாக இருந்தது, ஆராய்ச்சி காரணமாக ஐந்தாகியது. கத்தரிக்கன்றுகள் தலை தொங்கின. ஒரு வெள்ளிக்கிழமை குளியலறைக்குள் இருந்து பத்மாசினி, "இஞ்சருங்கோ, தலை முழுக்கச் சீயாக்காய், தண்ணி நிண்டு போச்சு! மோட்டரைப் போடுங்கோ!" என்று கத்தினாள். நான், "ஆலாபனை முடியட்டும், பொறும்!" என்று பதிலுக்குக் கத்தினேன். மச்சான், கலியாணம் கட்டி நாற்பத்தொரு வருடத்தில் அன்று மட்டும்தான் எனக்கு இராச்சாப்பாடு மேசைக்கு வரவில்லை.

பெட்டி போட்டால் வித்தியாசம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்தது. சில நாள் மலை அளவு தெரிந்தது, சில நாள் கடுகளவு. அதை ஆரிடமாவது உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. அம்பிளிபயரில் குமிழை ஒரு பக்கம் திருப்பினால் பிளேயர் நேரே பாடும், மற்றப் பக்கம் திருப்பினால் பெட்டி வழியாகப் பாடும். நான் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பி, "இப்ப எப்பிடி? இப்ப? அந்தக் கமகத்தைக் கவனியும், இப்ப?" என்று பத்மாசினியைக் கேட்டபடி இருந்தேன். அவள் முதலில் "ஓம்" என்றாள். பிறகு "ம்" என்றாள். பிறகு முருங்கையிலையையும் எடுத்துக்கொண்டு பின் விறாந்தைக்குப் போய்விட்டாள். அங்கே தன்னுடைய சின்ன றேடியோவைப் போட்டுக் கேட்கத் தொடங்கினாள். அவளுடைய கதிரை வெறுமையாக இருப்பதை நான் கவனிக்க மூன்று கிழமை எடுத்தது. அதையும் எதற்காகக் கவனித்தேன் தெரியுமா? அந்தக் கதிரையை எடுத்துவிட்டால் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவது திருந்துமா என்று பார்ப்பதற்காக.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, துஷாந்தினியை வைத்து ஒரு சோதனை நடத்தினோம். அவள் தன் தொலைபேசியால் இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் அளந்து சமப்படுத்தினாள். "சத்தம் ஒரு பொட்டுக் கூடினாலும் அதுதான் நல்லது எண்டு காது நம்பிப்போடும், அங்கிள்" என்றாள். பத்மாசினி எங்களுக்கு முதுகு காட்டி இருக்க வேண்டும், பெட்டியா இல்லையா என்று சொல்ல வேண்டும். குமிழை நான்தான் திருப்புவேன் என்றேன்.

"நீங்கள் திருப்பினால் அது சோதனை இல்லை, அங்கிள்."

"ஏன், என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

"அது நம்பிக்கைப் பிரச்சினை இல்லை..." என்று இழுத்துவிட்டு, விடைகளைக் குறிக்கக் கடதாசியும் பேனையும் எடுத்தாள்.

பத்துத் தடவை திருப்பினேன். பத்மாசினி பத்துத் தடவையும் சரியாகச் சொன்னாள். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். உமக்கு உடனே தொலைபேசி எடுக்கப் போனேன். துஷாந்தினிதான் சந்தேகத்தோடு, "அன்ரி, உண்மையா உங்களுக்கு வித்தியாசம் கேட்குதோ?" என்றாள்.

பத்மாசினி திரும்பாமலே சொன்னாள்: "எனக்கு அவர்தான் கேட்குது. பெட்டிப் பக்கம் திருப்பினவுடனை மூச்சைப் பிடிக்கிறார். மற்றப் பக்கம் எண்டால் விடுறார்."

துஷாந்தினி சிரித்த சிரிப்பு முன் வீட்டு நாயையும் எழுப்பிவிட்டது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அவள் குமிழைத் திருப்பட்டும், நான் கேட்டுச் சொல்கிறேன் என்று இருந்தேன். பத்துக்கு நாலு சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட ஐந்து வந்திருக்கும்.

அந்தப் பிள்ளை போன பிறகு பத்மாசினி என்னைப் பார்த்து, "இரண்டு மாசமா இந்த வீட்டிலை ஒரு இராகம் முடியேல்லை, தெரியுமோ?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஐந்து நாள் யோசித்தேன். காணி அளக்கிறவன் முதலில் அசையாத கல் ஒன்றைப் பிடித்துக்கொள்வான், மற்றதெல்லாம் அதிலிருந்துதான். நான் பிடித்தது பெட்டியை. பக்கத்தில் ஒருத்தி நாற்பத்தொரு வருடமாக என் மூச்சு ஏறுவதையும் இறங்குவதையும் கேட்டபடி இருந்திருக்கிறாள். அது என் காதில் விழவே இல்லை. அவள் எழும்பிப் போன சத்தமும் விழவில்லை. இந்தக் காதுக்கு எந்தப் பெட்டியைப் பூட்டி என்ன?

ஆகவே வெள்ளிக்கிழமை காலை பெட்டியைக் கழற்றி, தாரிகாவிடம் கொடுக்கும்படி உமது அக்காவிடம் ஒப்படைத்தேன். அன்று பின்னேரம் குமிழைத் தொடாமல் ஆனந்தபைரவி முழுவதையும் கேட்டேன். பாதியில் பத்மாசினி முருங்கையிலையோடு வந்து தன் கதிரையில் இருந்தாள். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் உமக்குச் சொல்ல வேண்டும். பெட்டியைக் கழற்றிய பிறகு வீணை முன்னையிலும் துலக்கமாகக் கேட்கிறது. தந்தியை மீட்டி விட்ட பின் நாதம் அடங்குவதுவரை கேட்கிறது. இதை உமது வீடியோக்காரர்களுக்கும் அறிவியும்.

உமக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நலமும் கிட்டட்டும். நீர் அன்போடு அனுப்பியதைத் திருப்புவதற்குக் குறை நினையாதேயும்.

இப்படிக்கு,
பாட்டு முடியும்வரை பொறுக்கப் பழகிவரும்
அத்தான் சோமசேகரம்

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதுறன். கடிதத்தைப் பார்சலுக்குள்ளை வைச்சு ஒட்டச் சொல்லிப்போட்டு அவர் இண்டைக்குத் திங்கட்கிழமை பென்சன் அலுவலா யாழ்ப்பாணம் போயிட்டார். பார்சலுக்குள்ளை பெட்டியைத் தேடாதை. இருக்கிறது மோர்மிளகாயும் பனங்கிழங்கு ஒடியல்மாவும்தான். அவர் மூச்சைப் பிடிக்கிறது உண்மை. ஆனால் எனக்கு அது தேவைப்படேல்லை. பெட்டி நல்ல பெட்டியடா. முதல் நாளே எனக்குக் கேட்டது. அதைச் சொல்லியிருந்தால் அடுத்தது வயர், பிறகு ஸ்பீக்கர், பிறகு கூரையைக் கழட்டவேணும் எண்டு நிண்டிருப்பார். வெள்ளிக்கிழமை பெட்டியை என்னட்டைத் தந்திட்டு அவர் சந்தைக்குப் போன நேரம், துஷாந்தினி வேலைக்குப் போக முன்னம் வந்து அதை அலுமாரிக்குப் பின்னாலை வைச்சு, குமிழிலை பிளேயர் நேரே பாடுற பக்கத்திலையே பூட்டித் தந்தவள். வேறை பிளக்கிலை குத்தினதாலை மோட்டர் இரைச்சலும் இல்லை. அவருக்குத் துலக்கமாக் கேட்கிறது உதுதான். நீ ஒண்டும் சொல்லிப்போடாதை. பின்னேரம் நாலரைக்கும் ஆறுக்கும் இடையிலை போனும் எடுக்காதை, நாங்கள் பாட்டுக் கேட்கிற நேரம்.