மாப்பிள்ளையை மண்டி போட வைத்த கதை

புதிதாகக் காக்கி போட்டவர்களுக்கு ஊரில் யாரைப் பார்த்தாலும் திருடனாகத்தான் தெரியும். சிலருக்கு அது சீக்கிரம் தெளிந்துவிடும். எனக்குத் தெளிய ஒரு கல்யாணமே தேவைப்பட்டது.

அப்போது மைசூரில் போலீஸ் பயிற்சியில் இருந்தேன். (எந்தப் பயிற்சிப் பள்ளி என்று கேட்காதீர்கள். அவர்களே மறக்கப் பார்க்கிறார்கள்.) தமிழ்நாட்டு எல்லையோரம் மார்டள்ளியில் மக்காச்சோளம் போடுகிற எங்கள் குடும்பத்தில் போலீசுக்கு வந்த முதல் ஆள் நான். கன்னடம் நன்றாகவே பேசுவேன். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வந்துவிடும்.

அந்த வாரம் ரோந்துப் பாடம். சந்தேகப்படும் வண்டியை எப்படி மடக்குவது, எங்கே நிற்பது, எப்படி உயிரோடு வீடு திரும்புவது. எங்கள் இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் தினமும் சொல்வார்: "முகத்தைப் பாக்காதே, கையைப் பாரு. கத்தியைப் பிடிக்கிறது முகமில்லை." இன்னொன்றும் சொல்வார்: "கள்ளன் போர்டு மாட்டிக்கிட்டு வரமாட்டான். கல்யாணக் கோஷ்டியாக்கூட வருவான்."

இந்த இரண்டாவதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பரீட்சை நாள் வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டு விலகி ஒரு வாய்க்கால் கரைச் சாலை. இன்ஸ்பெக்டரே மாறுவேடத்தில் வெள்ளைக் காரில் வருவார். நானும் என் ஜோடி பவித்ராவும் ஜீப்பில் துரத்திப் பிடிக்க வேண்டும். மற்ற வண்டிகள் நுழையாமலிருக்கச் சாலை முனையில் தடுப்பு வைத்து ஒரு காவலரை நிறுத்தியிருந்தார்கள். "வெள்ளைக் கார் வந்தால் மட்டும் விடு" என்பது அவருக்கு உத்தரவு.

வெள்ளைக் கார் வந்தது. விட்டார்.

முன்பக்கம் பூராவும் சாமந்திப்பூ. பின்கண்ணாடியில் ஜரிகைத் தாள். 'அடேயப்பா, சார் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்!' என்று வியந்துகொண்டே சைரனைப் போட்டேன். கார் நின்றது.

பாடத்தில் சொன்னபடி ஜீப்பைப் பின்னால் சற்றே சாய்த்து நிறுத்தி, கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டு கத்தினேன். "இன்ஜினை நிறுத்து! சாவியை வெளியே எறி! தூரமா எறி!"

ஓட்டிக்கொண்டிருந்த இளைஞன் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை போலிருக்கிறது. எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறிவது போல வீசினான். சாவி வெயிலில் ஒரு மின்னு மின்னி, நேரே வாய்க்காலில் போய் விழுந்தது.

பின்சீட்டில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள். மடியில் துணி மூடிய தட்டு. கைகள் துணிக்கு அடியில்! "கையைத் தூக்கு!" என்றேன்.

"தட்டுல அட்சதை இருக்கும்மா, கொட்டிடும்!" என்று தமிழில் கதறினார்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. எனக்காகத் தமிழ் பேசும் ஆட்களாகத் தேடிப் பிடித்திருக்கிறார்களே! "கொட்டட்டும்!" என்றேன், நானும் தமிழிலேயே. கொட்டியது.

அடுத்து, பட்டுவேட்டியும் தலையில் மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகையுமாக ஒருவர் இறங்கினார். மண்டி போடச் சொன்னேன்.

"மேடம், இன்னும் அரைமணியில எனக்கு முகூர்த்தம்."

"எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்றான்" என்றேன். (அதுவரை எந்தத் திருடனும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.)

அவர் புழுதியில் மண்டி போட்டார். பேட்டா உருண்டு ஓடியது. பவித்ரா என் காதருகே, "ஏய், அவர் நிஜமாவே அழறார்டி" என்றாள்.

"நடிப்புடி. கையை மட்டும் பாரு."

அப்போதுதான் பின்னால் ஹாரன் கேட்டது. இன்னொரு வெள்ளைக் கார். அதிலிருந்து ஒட்டு மீசையும் கட்டம் போட்ட லுங்கியுமாக எங்கள் இன்ஸ்பெக்டர் இறங்கினார். மண்டி போட்டிருந்தவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரும்மா இவங்க?"

"நீங்க அனுப்பின கள்ளர்கள், சார்."

"கள்ளன் நான்தாம்மா!" என்று அலறினார்.

காரை ஓட்டி வந்த இளைஞன் மட்டும் நிதானமாக, "அப்ப எங்க சாவி?" என்று கேட்டான்.

வேறு வழியில்லை. மாப்பிள்ளை, அவர் அம்மா, சாவியை எறிந்த அவர் தம்பி, மூவரையும் எங்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, சைரனோடு கல்யாண மண்டபத்துக்குப் பறந்தோம். நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆனால் வாசலில் நின்றவர்கள் பார்த்தது என்ன? இரண்டு போலீஸ்காரிகளுக்கு நடுவே, முழங்கால் நிறைய மண்ணோடு ஜீப்பிலிருந்து இறங்கும் மாப்பிள்ளையை.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. பெண்ணின் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. பொண்ணை உள்ளே கூட்டிட்டுப் போயிடறோம்" என்றார். யாரோ, "நான் அப்பவே சொன்னேன்" என்றார்கள். மாப்பிள்ளை அவசரமாக முழங்கால் மண்ணைத் தட்டினார்.

ஒரு நல்ல மனிதரின் கல்யாணம் என் கண்ணெதிரில் உடைந்துகொண்டிருந்தது. மைக்கை வாங்கினேன்.

"இவர் ஒரு தப்பும் செய்யலைங்க. நான்தான் ஆள் தெரியாமப் பிடிச்சுட்டேன். திருடன் இவர் இல்லை, அதோ வர்றாரே, அவர்தான்" என்று வாசலைக் காட்டினேன். பின்னாலேயே வந்த இன்ஸ்பெக்டர் அவசரத்தில் பிய்த்ததில் பாதி மீசை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க, லுங்கியோடு கைகூப்பி நின்றார்.

முதலில் சிரித்தது மணப்பெண். பிறகு மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா, "மிரட்டினாலும் இந்தப் போலீஸ் பொண்ணு யாரையும் அடிக்கல. முகூர்த்தம் போகுது, மேளத்தை வாசிங்க" என்றார். தாலி கட்டி முடிந்தது.

எனக்குக் கிடைத்த தண்டனை, வாய்க்காலில் இறங்கிச் சாவியைத் தேடுவது. கரையில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், மேடம்" என்று வழிகாட்டிக்கொண்டிருந்தவர் அதை எறிந்த தம்பி கார்த்திக். சாவி கிடைக்கவில்லை. மறுநாளும் தேடலாம் என்றார். அடுத்த வாரமும் என்றார். மாற்றுச் சாவி வீட்டிலேயே இருந்தது என்பது, எங்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைய மணப்பெண் இன்று என் ஓரகத்தி. வீட்டில் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் சண்டை வந்தால், அவர் கோபத்தில், "நானா உன்னைத் தேடி வந்தேன்?" என்று கேட்பார்.

அவள் அலட்டிக்கொள்ளாமல் என் பக்கம் கையைக் காட்டுவாள். "நீங்க எங்க வந்தீங்க? போலீஸ்ல பிடிச்சுக் கொண்டுவந்து ஒப்படைச்சாங்க."