மியூசியம் இல்லாத வீடு

ஜானிஸ் ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் திண்டாடியபோது, மூன்று பேர் அவளை ஒதுங்கிக் கடந்து வீட்டுக்குள் போனார்கள்.

"இது மியூசியமா?" என்று கேட்டாள் குடை வைத்திருந்த அம்மாள், கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு.

"இல்லம்மா, வீடு. மியூசியம் அந்தப் பக்கம்."

எந்தப் பக்கம் என்று ஜானிஸுக்கே தெரியாது. மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரிலிருந்து அவள் வந்து ஒரு நாள்தான் ஆகிறது. பாலிங் நகரைத் தாண்டிய அந்தச் சிறிய ஊரில் நூறு வயதுக் கடைவீடுகள் வரிசையாக நின்றன. எதற்குள் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் மருந்து கொடுக்கும் வேலையில் சேர வேண்டும். அங்கே வார விடுமுறையான வெள்ளி, சனிக்குள் வீட்டை ஒழுங்குபண்ணிவிட நினைத்திருந்தாள்.

மூவரும் மீன்தொட்டியைப் பார்த்தார்கள், மாதா படத்தைப் பார்த்தார்கள், மிக்ஸியைத் தட்டிப் பார்த்தார்கள், போனார்கள். பத்து நிமிடத்தில் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள்.

ஜானிஸ் அண்ணனைப் போனில் பிடித்தாள்.

"வாசல்ல போர்டு போடுலா," என்றான் ரஃபேல்.

'இது மியூசியம் இல்லை' என்று அட்டையில் எழுதி மாட்டினாள். அரை மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கறுப்புக் கண்ணாடி, பெரிய தொப்பி, குளியலறைச் செருப்போடு ஒருவர்.

"மியூசியம் இல்லாத வீடு இதுதானா? பாக்கலாம்னு வந்தேன்."

அவர் உள்ளே வந்து அலமாரியைத் தடவினார். "பழைய காலத்துச் சாமான் எல்லாம் நல்லா வச்சிருக்கீங்க."

"போன மாசம் ஆஃபர்ல வாங்கினது, அங்கிள்."

மறுபடியும் போன். "கதவப் பூட்டு. நாளைக்கு நாலு மணிக்குத்தான் திறக்கும்னு எழுதிப் போடு. டூரிஸ்ட்டுங்க எவன் காத்திருப்பான்?"

சனிக்கிழமை நாலு மணிக்கு ஜானிஸ் கதவைத் திறந்தாள். பதினாலு பேர் வரிசையில் நின்றார்கள். இரண்டு பேர் நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜானிஸ் மறுபடியும் போனை எடுத்தாள்.

"அலமாக்! அண்ணே, டூரிஸ்ட்டுங்க மட்டும்தான் வராங்க. பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தர்கூட எட்டிப் பாத்து 'சாப்ட்டியா'ன்னு கேக்கல. மாத்தல் கேட்டு எழுதிறட்டுமா?"

"பொறு. நீயே கைடு மாதிரி பேசு. போர் அடிச்சா ஓடிருவாங்க."

ஜானிஸ் தொண்டையைச் செருமினாள். ரைஸ் குக்கரைக் காட்டினாள். "இது நூறு வருஷத்துக்கு முன்னால ஒரு வெள்ளக்காரத் துரை கஞ்சி காய்ச்சின சட்டி."

"சுவிட்ச் இருக்கே?" என்றார் தொப்பிக்காரர்.

"துரை முன்யோசனைக்காரர்."

ஒருவரும் ஓடவில்லை. கைதட்டினார்கள். ஜானிஸுக்கு ஏதோ ஏறிவிட்டது. கொசு அடிக்கும் மட்டை துரையின் டென்னிஸ் மட்டை ஆனது. சலவை மெஷின் அவர் தங்கத்தை ஒளித்துவைத்த பெட்டி ஆனது. குடை அம்மாள் சிரித்துச் சிரித்துச் சோபாவில் சாய்ந்தாள். ஜானிஸ் எல்லோருக்கும் மைலோ கலக்கினாள். யாரோ ஒரு பெண்மணி, கேட்காமலே சமையல்கட்டுக்குள் புகுந்து கிளாஸ் கழுவ ஆரம்பித்தாள்.

"துரை தூங்கின ரூம்பையும் பாத்துறலாம்லா," என்று தொப்பிக்காரர் எழுந்தார்.

படுக்கையில் மலை மாதிரி துவைக்காத துணி கிடந்தது. ஜானிஸ் குறுக்கே பாய்ந்து கைகளை விரித்தாள்.

"மன்னிச்சிருங்க! துரையும் இல்ல, தங்கமும் இல்ல. எல்லாம் என் வாய்க்கு வந்தது. நாளைக்கு இங்க கிளினிக்ல வேலைக்குச் சேரப்போறவ நான், அவ்ளோதான். எவ்ளோ தூரத்துலருந்து வந்தீங்களோ, உங்கள எல்லாம் ஏமாத்திட்டேன்."

குடை அம்மாள் தொப்பிக்காரரைப் பார்த்தாள். தொப்பிக்காரர் தரையைப் பார்த்தார்.

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பெண்மணி கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"தூரமா? நான் பக்கத்து வீட்டு மருதம்மா. இவங்க எல்லாரும் இதே வரிசை வீட்டுக்காரங்கதாம்மா. புதுசா வந்த பொண்ணு வீட்டுக்குள்ள சும்மா எப்படி நுழையறதுன்னுதான் மியூசியத்தக் கேட்டோம், இந்த ஊர்ல ஏது மியூசியம்!"