சீட் சாரும் இளைக்காத காரும்

ஆறு கிலோ சாமானைக் கழற்றிய பிறகு, கார் இரண்டு கிலோ ஏறியிருந்தது.

சீட் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எடைமேடை அதே எண்ணைத்தான் காட்டியது. கார்க் கம்பெனியில் உள்பக்க வேலைப்பாட்டுக்குத் தலைவர் அவர். சீட்டு அவர் பொறுப்பு என்பதால் தொழிற்சாலை முழுக்க அவருக்குச் சீட் சார் என்றே பெயர்.

"மெஷின்ல கோளாறும்மா."

"என் மெஷின்லயா?" எடைமேடை அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "போன வாரம்தான் சரிபார்த்து முத்திரை குத்திட்டுப் போனாங்க. சந்தேகம்னா நீங்களே ஏறி நில்லுங்க சார்."

ஏறினார். எண்பத்துநாலு. வீட்டில் எழுபத்தாறு என்று சொல்லி வைத்திருந்தார். "சரி சரி, மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று அவசரமாக இறங்கிவிட்டார்.

விஷயம் இதுதான். கார் இளைத்தால் பெட்ரோல் மிச்சம், பெட்ரோல் மிச்சமானால் விற்பனை பிய்த்துக்கொண்டு போகும் என்று டைரக்டர் முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் உள்பக்கத்தில் பத்து கிலோ குறைய வேண்டும். இல்லாவிட்டால் சீட் சாருக்குப் புகார்ப் பிரிவுக்கு மாற்றல். அங்கே போனவர்கள் மூன்றே மாதத்தில், வீட்டில் சொந்த மாமியார் போன் செய்தாலும் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அவருடைய ராஜ்ஜியம் ஸ்டீயரிங்கில் தொடங்கிப் பின்சீட்டோடு முடிந்துவிடும். இன்ஜின் வேறு பிரிவு, டயர் வேறு பிரிவு, டிக்கி வேறு பிரிவு. அடுத்த பிரிவின் கதவைத் தொட்டால் மெமோ வரும். தன் ராஜ்ஜியத்துக்குள் மட்டும் அவர் இதுவரை நூற்றுப் பதினேழு சுற்றறிக்கை போட்டிருக்கிறார். ஒன்றையாவது ஒரு பயல் படிக்கிறானா என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை.

"யோவ் ஃபிட்டர், கால்மிதி, தரைவிரிப்பு, கூரைத்துணி எல்லாத்தையும் உருவுய்யா."

ஃபிட்டர் இரண்டு மணி நேரத்தில் உருவினார். தலையைச் சொறிந்துகொண்டே வந்தார். "சார், கழட்டின சாமானை..."

"கழட்டினதைப் பத்தி இப்ப என்ன பேச்சு? கழட்ட வேண்டியதைப் பாரும்!"

புதன்கிழமை எடை போட்டார்கள். முதலில் இருந்ததைவிட ஐந்து கிலோ அதிகம்.

"ஈரம் ஏறியிருக்கும்" என்றார் சீட் சார். அவருக்கே நம்பிக்கை இல்லை. இருந்தாலும் காரை நாள் முழுக்க வெயிலில் காயவைத்தார். காரின் பின்பக்கம் ஏனோ கொஞ்சம் அமுங்கித்தான் நின்றது. ஸ்பிரிங் வேறு பிரிவு என்பதால் அவர் கண்டுகொள்ளவில்லை.

மாலையில் மனைவி போன் செய்தாள். "எப்ப வருவீங்க?"

"கதவு உறையைக் கழட்டிட்டு வரேன்."

"எந்தக் கதவு?"

"நாலு கதவும்."

"ராத்திரிக்கு ரசம் போதுமா, இல்ல அதையும் கழட்டிடவா?" என்று கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஒன்பது கிலோ அதிகம். சீட் சாருக்கு வெறியே வந்துவிட்டது. கைப்பிடி, ஸ்டீயரிங் பக்கத்துச் சின்னச் சாமான் பெட்டி, பாட்டுப் பெட்டி, பின்சீட்டு மெத்தை, கடைசியில் டிரைவர் சீட்டுப் பஞ்சு என்று ஒன்று பாக்கி வைக்கவில்லை. எல்லாம் கழன்ற பிறகு உள்ளே கம்பியும் தகரமும்தான் மிஞ்சின. ஸ்டீயரிங்கையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஃபிட்டர் ஓடிவந்து அதைக் கையால் மறைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை டைரக்டரே வந்தார். கம்பிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்தார். "ஐயோ" என்று எழுந்தார். அங்கங்கே தடவிக்கொண்டு எடைமேடையைப் பார்த்தார்.

எடைமேடை அம்மா தலையைக் குனிந்துகொண்டு படித்தாள். "பதினாறு கிலோ அதிகம் சார்."

"என்னய்யா இது! உள்ள காத்துகூட இல்ல. இன்னும் கழட்ட என்னதான் மிச்சம்?"

"நான்தான் சார் மிச்சம்" என்றார் சீட் சார்.

"அதையும் கழட்டிட்டேன். திங்கக்கிழமையிலேருந்து புகார்ப் பிரிவு" என்று சொல்லிவிட்டு டைரக்டர் நொண்டிக்கொண்டே போனார்.

சீட் சார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் இந்தச் சீட்டுகளோடு குடித்தனம் நடத்தியவர். கண்ணில் நீர் முட்டியது. எடைமேடை அம்மா பழைய கோபத்தை மறந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஃபிட்டர், போனது போகட்டும். கழட்டினதையெல்லாம் ஒண்ணு விடாம மாட்டிடும். பாகமெல்லாம் எந்த மூலையில கெடக்கோ, தேடணும்."

"எதுக்கு சார் தேடணும்?" ஃபிட்டர் பெருமையாக டிக்கியைத் தட்டினார். "'கழற்றிய பாகங்கள் எக்காரணம் கொண்டும் வாகனத்தை விட்டுப் பிரியக் கூடாது, மரப்பெட்டியில் அடைத்து டிக்கியில் வைக்கவும்'னு போன வருஷம் நீங்க போட்ட சுற்றறிக்கையை, இந்தத் தொழிற்சாலையில வரி விடாம படிச்சவன் நான் ஒருத்தன்தான் சார்!"