பதினொரு பேரும் ஒரே ஆள்

ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ குற்றம் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். என் குற்றம் மட்டும் இணையத்தில், தேதி நேரத்தோடு, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கள்ள ஓட்டு போட்ட குற்றம். அதுவும் தேர்தலே நடக்காத இடத்தில்.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து இரண்டாவது வருடம். என்னோடு வேலை பார்த்த ரெஞ்சினி, பொதுமக்களே எழுதித் திருத்தும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் வெகுநாளாக எழுதி வருகிறவள். அதில் கறுப்பினக் கலைஞர்களைப் பற்றிய கட்டுரைகள் ரொம்பக் குறைவு, வெள்ளைக்கார ஓவியர் வளர்த்த நாய்க்குக்கூடத் தனிப்பக்கம் இருக்கிறது, அந்தக் குறையைத் தீர்க்க ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பேர் கூடி எழுதப் போகிறோம், நீயும் வா என்றாள். சமூக நீதிக்காகப் போனேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். மதியம் பிரியாணி என்றாள், போனேன்.

எனக்குக் கொடுக்கப்பட்டவர் ஹெஸ்டர் வில்மாட். இங்கிலாந்தில் வாழும் கறுப்பினச் சிற்பி, எழுபது வயதைத் தாண்டியவர். பழைய பிஸ்கட் டின், எண்ணெய் டின் எல்லாவற்றையும் வெட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, தன் தெருவில் இருப்பவர்களின் முகங்களைச் செய்கிறவர். என் அப்பாவுக்கு அதே ஊரில், சாலைக் கடைத்தெருவில் தகரக் கடை. வாளிக்கும் புனலுக்கும் நடுவே வளர்ந்தவள் நான். வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு நர்ஸின் களைத்த முகத்தை எண்ணெய் டின்னில் பார்த்தபோது அடுத்த படத்துக்குப் போக எனக்கு மனமே வரவில்லை. இத்தனை வருடம் உழைத்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையா என்று கோபமும் வந்தது.

ஒரே மூச்சில் எழுதித் தள்ளினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலப் புகழ்மொழி மொத்தமும் முதல் பத்தியிலேயே இறங்கிவிட்டது. (எங்கள் வீட்டுக் கல்யாண வாழ்த்து மடல்களை எழுதுவது நான்தான். அதே கை.) எழுதியதற்குச் சான்று காட்டுவது எப்படி என்று ரெஞ்சினி வகுப்பெடுத்தபோது, நான் பிரியாணி வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தேன்.

மறுநாள் பார்த்தால் கட்டுரையின் தலையில் ஒரு சிவப்புப் பெட்டி. இந்தப் பக்கத்தை நீக்கலாமா என்று விவாதம் நடக்கிறது, ஏழு நாளில் முடிவு. கீழே ஒருவர் தடித்த எழுத்தில் "நீக்குக" என்று போட்டு, இவரைப் பற்றி வேறு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை என்று காரணமும் சொல்லியிருந்தார். அவருக்குக் கீழே இன்னொருவர், அவரும் "நீக்குக".

ஆக, எதிராக இரண்டு, ஆதரவாக ஒன்றுமில்லை. எங்கள் குடும்பத்தில் பிறந்தவளுக்கு இதைப் பார்த்தால் ஒன்றுதான் தோன்றும். அப்பா வியாபாரிகள் சங்கத் தேர்தலில் மூன்று முறை நின்றவர். சித்தப்பா மகள் டிவி பாட்டுப் போட்டியில் பாடியபோது எங்கள் பேட்டையான ஆரியசாலையில் தெரிந்த அத்தனை போனிலிருந்தும் ஓட்டுப் போட்டோம். சுருதி பக்கமே போகாத அந்தப் பெண் அரையிறுதி வரை போனாள்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஹெஸ்டரின் தகர முகங்களை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"மக்ளே, இது பத்த வச்சவ கை சுத்தம், கேட்டியா. ஈயம் ஒரு சொட்டு வழியல்ல பாரு."

"இவங்களத் தூக்கப் பாக்காங்கப்பா. ரெண்டு பேரு."

"ரெண்டு பேருதானே? நமக்கு எத்ர பேரு வேணும்?"

அரை மணி நேரத்தில் கடை நிறைந்துவிட்டது. பெரியப்பா, சித்தப்பா, அத்தைகள், அவர்கள் பிள்ளைகள், கடைசியாக அம்மா. என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். ஒரே கடை, ஒரே வைஃபை. ஒவ்வொருவருக்கும் நானே பயனர் பெயர் உண்டாக்கி, நானே ஒரு வாசகமும் எழுதிக் கொடுத்தேன். "வைத்திருக்கவும். மிகச் சிறந்த கலைஞர். எங்கள் குடும்பத்துக்கு நெடுநாளாகத் தெரிந்தவர்." எல்லாரும் அதையே ஒட்டினார்கள். பெரியப்பா மட்டும் பொய் சொல்லாதவர் என்பதால், "இவரை எனக்குத் தெரியாது, தம்பி மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். அப்பா ஈயப் பற்றைப் பற்றி ஐந்து வரி எழுதினார். அம்மா, "உங்கப்பாக்குக் கீழ நான் போட மாட்டேன்" என்று நின்றதால் அவளை மேலே ஏற்ற வேண்டியிருந்தது.

பதினொன்றுக்கு இரண்டு. எல்லாருக்கும் சாயாவும் பழம்பொரியும் வந்தது. ஹெஸ்டரைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தில் நான் மூன்று தின்றேன்.

அடுத்த நாள் காலை ரெஞ்சினி என் மேசைக்கு வந்து நின்றாள். அவள் முகம் சரியில்லை.

"சுபா, நீ எந்தா ஈ செய்தது? இது வோட்டிங் அல்ல. எத்ர பேருண்டு என்னு ஆரும் நோக்கில்லா. காரணம் மாத்ரமே நோக்கூ."

கோபத்தில் அவளுக்கு மலையாளம்தான் வந்தது. என்ன காரியம் செய்தாய், இது ஓட்டெடுப்பே இல்லை என்கிறாள்; தலைகளை எண்ணுவதில்லை, காரணத்தைத்தான் பார்ப்பார்களாம். இந்த அடிப்படை விஷயமும் பிரியாணி நேரத்து வகுப்பில்தான் வந்திருக்கிறது. இதற்குள் அங்கே ஒரு விசாரணைப் பக்கமே திறந்து, எங்கள் பெயர்களை வரிசையாகப் போட்டு, ஒரே வைஃபை, ஒரே வாசகம் என்று காட்டித் தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். பதினொரு பேரும் ஒரே ஆள். பதினொரு பெயருக்கும் காலவரையற்ற தடை.

வீட்டில் சொன்னேன். தடையைப் பற்றி அம்மா கவலைப்படவே இல்லை.

"ஏட்டி, நானும் உங்கப்பாவும் ஒரே ஆளுன்னா எழுதியிருக்கான்? முப்பது வருசமா இந்த மனுசன் எடத்தச் சொன்னா நான் வலத்தச் சொல்லுகேன். அது தெரிஞ்சவன் ஒருத்தனும் அங்க இல்லையா?"

"நாம பதினொண்ணு பேருன்னு காட்டிட்டாத் தீந்துச்சுல்லா?" என்றார் பெரியப்பா. எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. (என் புத்தியைப் பற்றி இதற்கு மேல் நான் என்ன சொல்ல?) மறுநாள் கடை வாசலில் எல்லாரும் வரிசையாக நின்றோம். கையில் அவரவர் பயனர் பெயர் எழுதிய அட்டை. அம்மா கல்யாணப் பட்டு கட்டியிருந்தாள். பக்கத்துக் கடைக்காரர் படமெடுத்தார். அந்தக் கலைக்களஞ்சியத்துக்கென்றே தனியாக இருக்கும் படக் கிடங்கில், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று உரிமம் கொடுத்து ஏற்றினேன். தடைபட்டவர்கள் முறையிடுவதற்கு விட்டிருந்த ஒரே பக்கத்தில் அதை ஒட்டினேன்.

பதில் உடனே வந்தது. "படத்துக்கு நன்றி. நீங்கள் பதினொரு பேர் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பேசிவைத்துக்கொண்டு வந்த பதினொரு பேர். விதிப்படி அதுவும் அதே குற்றம். தடை தொடரும்."

வேறு வேலை இல்லாமல் போனதால் அன்றுதான் விதிகளைப் படித்தேன். ஹெஸ்டருக்குத் தேவைப்பட்டது ஓட்டே இல்லை. அவரோடு சம்பந்தமில்லாத யாராவது, எங்காவது, அச்சில் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். அப்படி இரண்டு கிடைத்தால் போதும். ஐந்தாம் நாள் லீவு போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். பழைய ஆங்கிலக் கலை இதழ்களைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார்கள். தும்மித் தும்மிப் புரட்டியதில், மூன்றரை மணிக்கு நான்கு பக்க விமர்சனம் ஒன்று சிக்கியது. அதன் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனதில், சிற்பிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில் முழு அத்தியாயமே இருந்தது. அந்த நர்ஸின் முகமும் இருந்தது.

சான்று கையில் இருக்கிறது, சேர்க்கத்தான் எனக்கு வழியில்லை. சும்மா இருந்திருந்தால் அந்த நிமிடமே போட்டிருக்கலாம். நான் ஓட்டுச் சேர்த்த லட்சணத்தில், பாடுபட்ட ஒரு மனுஷியின் பக்கம் அழியப் போகிறதே என்று நூலக மேசையிலேயே அழுதேன். எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நாகரிகமாக வேறு மேசைக்குப் போய்விட்டார்.

பிரதிகளைக் கொண்டுபோய் ரெஞ்சினியிடம் நீட்டினேன். திட்டிக்கொண்டே வாங்கினாள். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே படித்துச் சரிபார்த்து, என் புகழ்மொழிகளை மொத்தமாக வெட்டியெறிந்து, ஏழாம் நாள் சான்றுகளைச் சேர்த்தாள். முதலில் "நீக்குக" போட்டவரே அதைப் படித்துவிட்டுத் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். பக்கம் பிழைத்தது. எங்கள் பதினொரு ஓட்டுக்கும் குறுக்கே கோடு போட்டிருந்தார்கள்.

தடை இன்னும் நீங்கவில்லை. வீட்டில் என்றைக்காவது அப்பாவும் அம்மாவும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டினால், "விசாரணையில சொன்னது சரிதான்" என்று பெரியப்பா சொல்லாமல் விடமாட்டார். எங்கள் படத்துக்குத்தான் நல்ல காலம். செய்யக் கூடாதது இது என்று ரெஞ்சினி எல்லாக் கூடுகைகளிலும் அதைத் திரையில் போடுகிறாள். அவளைப் பார்த்து வேறு ஊர்க்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். நான் கொடுத்த உரிமம்தானே, கேள்வி கேட்க முடியாது.

போன மாதம் அம்மா போனில் ஹெஸ்டரின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, தகரம் விக்கிற நம்ம படம் லோகமெல்லாம் ஓடுது. இந்தம்மா படம் இதுல இல்லையே."

"உரிமையோட குடுத்தாத்தான் போட முடியும்மா. அவங்களுக்கு எழுதிக் கேக்கணும்."

அம்மா போனை மடியில் வைத்தாள்.

"ஒருத்தி கேட்டா எங்க குடுக்கப் போறாங்க? நாம பதினொண்ணு பேருமாச் சேந்து எழுதுவோம்."